கேள்வி – பதில்: ஆறு விலகியது, தலைநகர் கீவாவுக்கு வந்தது

உஸ்பெகிஸ்தானின் மேற்கு மூலையில் இருக்கும் கீவா நகரின் மண்மதில் படத்தைச் சென்ற இதழ் அட்டையில் போட்டிருந்தோம். ஒரு படத்துக்கு இத்தனை கடிதங்களா என்று நாங்களே திகைத்துவிட்டோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம்.

கீவாவில் கான், புகாராவில் அமீர் என்கிறார்கள். இரண்டும் ஒன்றுதானே? (வேலூர் வாசகர்)

ஒன்றல்ல. செங்கிஸ்கானின் ஆண்வழி வாரிசுக்கு மட்டுமே 'கான்' பட்டம் என்பது அந்தப் புல்வெளி நாடுகளில் எழுதாத சட்டம். எவ்வளவு பெரிய படை வைத்திருந்தாலும் அந்த ரத்தம் இல்லாதவர் கான் ஆக முடியாது. தைமூரே கடைசிவரை அந்தப் பட்டத்தைச் சூடவில்லை.

கீவா கானரசு 1511-ல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டு பாரசீக மன்னர் ஷா இஸ்மாயில், மெர்வ் அருகே உஸ்பெக் தலைவர் ஷைபானி கானைத் தோற்கடித்துக் கொன்றார். குவாரெசம் எனப்படும் ஆமூ தாரியா ஆற்றின் கீழ்ப்பகுதி பாரசீக ஆளுநர்கள் கைக்குப் போனது. அவர்களை விரட்டி ஆட்சியைப் பிடித்தவர் செங்கிஸ் வழிவந்த இல்பார்ஸ். அவருடைய கிளை ஏறக்குறைய இரு நூற்றாண்டு ஆண்டது.

18-ஆம் நூற்றாண்டில் நிலைமை தலைகீழானது. உண்மையான அதிகாரம் குங்கிராத் குலத்தைச் சேர்ந்த 'இனாக்' என்ற தலைமை அமைச்சர்களிடம் போய்விட்டது. ஆனால் அவர்கள் செங்கிஸ் வாரிசுகள் இல்லையே! அதனால் கஜக் புல்வெளியிலிருந்து செங்கிஸ் வழி இளவரசர் ஒருவரைக் கூட்டிவந்து அரியணையில் உட்காரவைப்பார்கள். சலித்துப்போனால் அவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கொண்டுவருவார்கள். இந்தக் கூத்துக்கு 'கான்பாஜி', அதாவது கான் விளையாட்டு, என்று பெயரே இருந்தது. 1804-ல் எல்துஸர் என்ற இனாக், போதும் இந்த நாடகம் என்று தானே கான் பட்டம் சூடிக்கொண்டார். புகாராவின் மங்கித் குலத்தாருக்கும் இதே சிக்கல்தான். அவர்கள் 'அமீர்' என்ற இஸ்லாமியப் பட்டத்தை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள்.

பழைய தலைநகர் ஊர்கெஞ்ச் என்று படித்தேன். பிறகு ஏன் கீவா? போரில் தோற்றார்களா? (ஈரோடு வாசகி)

தோற்கடித்தது ஆறு. கீவாவின் வரலாற்றில் எந்தக் கானைவிடவும் ஆமூ தாரியாதான் பெரிய ஆள்.

இந்த ஆறு பாமீர் மலைகளிலிருந்து ஏராளமான வண்டலை அள்ளிக்கொண்டு வருகிறது. சமவெளிக்கு வந்ததும் வேகம் குறைந்து வண்டல் படிகிறது, படுகை மேடாகிறது, ஒரு வெள்ளத்தில் ஆறு பக்கவாட்டில் உடைத்துக்கொண்டு வேறு வழியில் ஓடுகிறது. கரையோ வெறும் மணலும் களியும். தண்ணீர் அடியில் குடைய, மேலே நிற்கும் நிலம் பாளம் பாளமாகச் சரிந்து விழும். உள்ளூரில் இதற்கு 'தெய்கிஷ்' என்று பெயர்.

முதலில் பலியானது குவாரெசமின் ஆதித் தலைநகரான காத். அங்கே 973-ல் பிறந்த அல்பிரூனி, காத்தின் ஃபிர் கோட்டையை ஆறு ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துத் தின்றதையும், 994-ல் கடைசி மிச்சமும் போய்விட்டதையும் எழுதிவைத்திருக்கிறார். அடுத்த தலைநகர் குர்கஞ்ச், அதுதான் பழைய ஊர்கெஞ்ச். 1221-ல் மங்கோலியர் அழித்தார்கள், மீண்டது. 1388-ல் தைமூர் தரைமட்டமாக்கி அந்த இடத்தில் வாற்கோதுமை விதைக்கச் சொன்னார், அதிலிருந்தும் ஓரளவு மீண்டது. தண்ணீர் போனதிலிருந்து மட்டும் மீளவில்லை.

1558-ல் அங்கே வந்த ஆங்கில வணிகர் ஆந்தனி ஜென்கின்சன், வாய்க்கால்களில் இழுக்கப்படும் தண்ணீரால் ஆறு வற்றி நாடே பாலைவனமாகப் போகிறது என்று எச்சரித்தார். கான் அபுல்காஸி தன் வரலாற்று நூலில், தான் பிறப்பதற்கு முப்பது ஆண்டு முன்பு ஆறு திசைமாறி ஏரல் கடல் பக்கம் போய்விட்டது என்கிறார். அவர் பிறந்தது 1603. ஆக 1570-களில் ஊர்கெஞ்சுக்குத் தண்ணீர் கொடுத்த கிளை செத்துப்போனது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவருடைய தந்தை அரப் முகம்மது கான் காலத்தில், தலைநகர் கீவாவுக்கு மாறியது. கால்வாயில் தண்ணீர் வந்த ஊர் அது என்பதே முதல் தகுதி.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 20-ஆம் நூற்றாண்டில் கரகல்பாக் பகுதியின் தலைநகராக இருந்த துர்த்குல் நகரையும் இதே ஆறு அரித்துத் தின்றது. தலைநகர் நூகுஸுக்குப் போனது.

அட்டைப்படத்தில் இருந்த மதிலுக்கு உண்மையிலேயே 2500 வயதா?

அந்த ஊரின் வயதையும் அந்தச் சுவரின் வயதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கீவாவில் அகழ்ந்தபோது கிறிஸ்துவுக்கு முந்தைய அடுக்குகள் கிடைத்தன. 1997-ல் நகரின் 2500-ஆம் ஆண்டு விழாவும் நடந்தது. நோவாவின் மகன் சேம் தோண்டிய கிணறு என்று ஒன்றையும் காட்டுவார்கள், அது கதை.

இன்று கண்ணில் படும் கட்டடங்களில் பெரும்பாலானவை 1800-க்கும் 1912-க்கும் இடையில் எழுந்தவை. தாஷ் ஹவ்லி அரண்மனை 1830-களில். முகம்மது அமீன் கான் மதரஸா 1850-களில். எல்லாப் புகைப்படங்களிலும் உயரமாக நிற்கும் இஸ்லாம் கோஜா மினார் 1910-ல். நம்மூரில் மின்விளக்கும் ரயிலும் வந்த பிறகு கட்டியது என்று சொன்னால் பலர் நம்ப மறுப்பார்கள். கீவாவின் சிறப்பு பழமை அல்ல. ஒரு மத்திய ஆசிய நகரம் மதில், வாசல், பள்ளிவாசல், அரண்மனை, குடியிருப்பு, கல்லறை என்று முழுசாக ஒரே இடத்தில் நிற்பதுதான் சிறப்பு. அதனால்தான் 1990-ல் உஸ்பெகிஸ்தானிலிருந்து முதல் இடமாக யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்நகரமான இச்சான் காலா சேர்ந்தது.

மண்சுவர் மழையில் கரையாதா? எப்படிக் கட்டினார்கள்? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். (கட்டுமானத் தொழிலில் இருக்கும் திருச்சி வாசகர்)

உள்நகரம் ஏறக்குறைய 26 ஹெக்டேர். சுற்றி ஓடும் மதில் 2,200 மீட்டர். உயரம் 8 முதல் 10 மீட்டர், அடித்தடிமன் 5, 6 மீட்டர். மேலே போகப் போகக் குறுகும். சுமார் 30 மீட்டருக்கு ஒன்றாக அரைவட்டக் கொத்தளங்கள் வெளியே பிதுங்கி நிற்கும். ஒன்றில் நிற்பவன் அடுத்ததன் அடியில் ஏணி வைப்பவனைப் பக்கவாட்டில் அம்பெய்து தடுக்கலாம்.

பொருள் இரண்டு வகை. ஒன்று 'பக்ஸா'. களிமண்ணைத் தண்ணீர் விட்டு, நறுக்கிய வைக்கோல் சேர்த்து, காலால் மிதித்துப் புளிக்க விட்டு, பெரிய உருண்டைகளாகச் சுவர்மேல் எறிந்து படை வைப்பது. ஒரு படை முக்கால் மீட்டர், அதிகம் போனால் ஒரு மீட்டர். அது காய்ந்து இறுகிய பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டு ஈரத்தின்மேல் ஏற்றினால் கீழ்ப்படை பிதுங்கி வயிறு தள்ளும், அந்தச் சுவரை இடித்துத்தான் சரிசெய்ய முடியும். இரண்டாவது, சுமார் 40 செ.மீ. சதுரமும் 10 செ.மீ. தடிமனும் உள்ள சுடாத செங்கல். மேலே வைக்கோல் கலந்த மண்பூச்சு. வைக்கோல் வெறும் நிரப்பி அல்ல. காயும்போது மண் சுருங்கி வெடிக்காமல் இழுத்துப் பிடிப்பதும், மழைநீர் ஒரே தடத்தில் ஓடிக் குடையாமல் சிதறடிப்பதும் அதுதான்.

மழைக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆண்டு முழுக்கச் சேர்த்தாலே 100 மி.மீ. அளவுதான் பெய்கிறது. பூச்சை அவ்வப்போது புதுப்பித்தால் போதும். உண்மையான எதிரி கீழிருந்து வரும் உப்பு.

அங்கே நிலத்தடி நீர் ஆழமில்லை, உப்பும் அதிகம். சுவரின் அடி அந்த ஈரத்தைத் திரிபோல உறிஞ்சுகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரம், இடுப்பு உயரத்தில் ஈரம் ஆவியாகும்போது உப்பு மட்டும் உள்ளே தங்கிப் படிகமாகிறது. படிகம் வளர வளர செங்கல்லின் முகம் பொரிந்து மாவாக உதிரும். பழைய கொத்தர்கள் அடித்தளத்துக்குமேல் நாணல் தட்டைகளைப் பரப்பி ஈரம் ஏறும் வழியை அறுத்தார்கள். மரத்தூண்களை நேரே தரையில் நடாமல் கல்பீடத்தில் நிறுத்தினார்கள்.

பருத்திக்காகப் பாசனம் பெருகிய சோவியத் காலத்தில் நிலத்தடி நீர் மேலேறியதும் இந்தத் தற்காப்பு போதவில்லை. பழுதுபார்க்கும்போது அடியில் சிமென்ட் பூசுவது அதைவிடப் பெரிய தவறு. சிமென்ட் ஈரத்தை மூச்சுவிட விடாது. ஈரம் சிமென்ட்டுக்கு மேலே ஏறி, அதுவரை நல்லாயிருந்த செங்கல்லை அரிக்கத் தொடங்கும். மண்சுவருக்கு மண்பூச்சும் சுண்ணாம்பும்தான் பொருந்தும். தொழிலில் இருக்கும் உங்களுக்கு இது புதிதல்ல என்று நினைக்கிறோம்.

மதிலின் சரிவில் அரைப்பீப்பாய் வடிவில் கல்லறைகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். அதற்கும் இதே காரணம்தான். குழி தோண்டினால் தண்ணீர் ஊறும். அதனால் தரைக்கு மேலே செங்கல் வளைவு கட்டி அதற்குள் அடக்கம் செய்தார்கள்.

கால்வாய்களை யார் பார்த்துக்கொண்டது?

'மீராப்' என்ற நீர் அதிகாரி. இது கணக்கப்பிள்ளை வேலை அல்ல, அரசவையில் இடம்பெறும் பதவி. 'ஃபிர்தவ்ஸ் அல்-இக்பால்' என்ற கீவாவின் பெரிய வரலாற்று நூலை 1805-ல் எழுதத் தொடங்கிய கவிஞர் மூனிஸ் ஒரு மீராப். அவர் 1829-ல் இறந்ததும் நூலைத் தொடர்ந்த, அவருடைய உடன்பிறந்தாரின் மகன் ஆகஹியும் மீராப். ஒரு நாட்டின் சரித்திரத்தை எழுதியவர்கள் இருவரும் மடையைத் திறந்து மூடும் பொறுப்பில் இருந்தவர்கள் என்பது எங்களுக்குக் கீவாவைப் பற்றிய மிக அழகான செய்தி. எந்தப் படையெடுப்பைப் பற்றி எழுதினாலும் நடுவே எந்தக் கால்வாய் தூர்ந்தது, எது புதிதாக வெட்டப்பட்டது என்பதும் வந்துவிடும்.

ஆற்றிலிருந்து கிளம்பும் பெருங்கால்வாய் 'அர்னா'. அதிலிருந்து பிரிவது 'யாப்'. வயலுக்குப் போகும் சிறு வாய்க்கால் 'சல்மா'. ஆற்றில் தண்ணீர் எடுக்கும் தலைப்பு 'சாகா'. தொல்லை எல்லாம் சாகாவில்தான். ஆறு சற்று விலகினால் தலைப்பு வறண்டு நிற்கும். நெருங்கினால் கரையோடு சேர்த்து அடித்துப்போகும். ஒவ்வோர் ஆண்டும் வெள்ளம் வருவதற்குள் படிந்த வண்டலை வாரி எடுக்க வேண்டும். குடும்பத்துக்கு இத்தனை ஆள், இத்தனை நாள் என்று ஊரே மண்வெட்டியோடு போக வேண்டிய கட்டாயக் கூலியில்லா வேலை அது, பெயர் 'கஸூ'. பணக்காரர் ஆளை அனுப்பித் தப்பிப்பார், ஏழைக்குத் தப்ப வழியில்லை. கிளர்ச்சிகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொரு நுட்பம். அந்தக் காலக் கால்வாய்கள் பலவற்றில் நீர்மட்டம் வயலைவிடத் தாழ்வாக இருந்தது. ஒட்டகமோ கழுதையோ சுற்றிவர, மண்குடங்கள் கட்டிய 'சிகிர்' என்ற சக்கரம் தண்ணீரை மேலே ஏற்றும். பார்க்கப் பழங்காலச் சிரமம்போலத் தெரியும். ஆனால் குடம் குடமாக ஏற்றும் தண்ணீரை யாரும் வீணாக்க மாட்டார்கள், தாழ்ந்த கால்வாயே வடிகாலாகவும் இருந்தது. பின்னாளில் உயர்மட்டக் கால்வாய்களில் தண்ணீர் தானாகப் பாயத் தொடங்கியதும் வயல்கள் ஊறின, உப்பு மேலே வந்தது.

கால்தா மினார் ஏன் பாதியில் நிற்கிறது? கொத்தனாருக்குப் புகாரா அமீர் லஞ்சம் கொடுத்தார் என்பது உண்மையா?

அது வழிகாட்டிகளின் பிழைப்புக்கான கதை. 1851 வாக்கில் இந்த மினாரைக் கட்டத் தொடங்கிய முகம்மது அமீன் கான், 1855-ல் சரக்ஸ் அருகே துர்க்மென்களோடு நடந்த போரில் கொல்லப்பட்டார். தலை தெஹ்ரானுக்கு அனுப்பப்பட்டது. வேலை நின்றது. அடுத்து வந்தவர்களுக்கு உள்நாட்டுக் கலவரத்தை அடக்கவே நேரம் போதவில்லை.

எவ்வளவு உயரம் திட்டமிட்டிருப்பார்கள் என்பதற்கு அடிப்பாகமே சாட்சி. விட்டம் 14.2 மீட்டர். 60 மீட்டர் உயரமுள்ள பழைய ஊர்கெஞ்சின் குத்லுக் தைமூர் மினாருக்கே அடிவிட்டம் 12 மீட்டர்தான். இது 29 மீட்டரில் நின்றுபோனது. 'கால்தா' என்றால் குட்டை. முழுக்கப் பளபளக்கும் நீலமும் பச்சையும் பதித்த இந்தக் குட்டை மினார் முடிந்திருந்தால் இவ்வளவு பிரியத்தைச் சம்பாதித்திருக்காது என்பது எங்கள் எண்ணம்.

தாஷ் ஹவ்லி அரண்மனை ஓடுகளின் நடுவில் ஓட்டை தெரிகிறதே, துப்பாக்கிக் குண்டா?

ஆணி. ஓவியத்தைப் பெரிய பரப்பில் வரைந்து, ஓடு ஓடாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுச் சுட்டார்கள். சுவரில் எண் வரிசைப்படி வைத்து, சாந்தோடு நடுவில் ஓர் ஆணியும் அடித்தார்கள். உற்றுப் பார்த்தால் சில ஓடுகளில் எண்களும் தெரியும். எண் மாறி ஒட்டப்பட்ட ஓட்டில் கொடி அறுந்து நிற்கும். தேடிப் பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு.

மின்விசிறி இல்லாத காலத்தில் 40 டிகிரி வெயிலை எப்படித் தாங்கினார்கள்?

அய்வானைக் கட்டித்தான். ஒரு பக்கம் மட்டும் திறந்த உயரமான தாழ்வாரம் அது. கீவா வீட்டு முற்றத்தில் எதிரெதிராக இரண்டு இருக்கும். உயரமானது வடக்கு நோக்கித் திறக்கும். வீட்டின் மற்றக் கூரைகளைவிட உயர்ந்திருப்பதால் வடக்கிலிருந்து வரும் காற்றைப் பிடித்து முற்றத்துக்குள் இறக்கிவிடும். வெயிலும் நேரே விழாது. எதிரில் தெற்கு நோக்கியது தாழ்வானது. குளிர்காலத்தில் சாய்வெயிலை வாங்கிக்கொள்ள அது. தாஷ் ஹவ்லியின் அந்தப்புரத்தில் தெற்கு ஓரமாக வரிசையாக ஐந்து உயர அய்வான்கள்: ஒன்று கானுக்கு, நான்கு மனைவியருக்கு. எதிர்ச்சாரியில் மற்றப் பெண்களுக்குச் சின்னச் சின்ன அறைகள். யாருக்கு என்ன மதிப்பு என்பதைக் காற்று வரும் திசையே சொல்லிவிடும்.

அய்வானைத் தாங்கும் ஒற்றை மரத்தூணைக் கவனியுங்கள். அடியில் குடம்போல் உருண்டு, பீடத்தைத் தொடும் இடத்தில் குறுகியிருக்கும். உறுதியான 'குஜும்' மரம், உச்சிவரை செதுக்கல். இந்தச் செதுக்கலின் முழு வரலாறும் ஜும்ஆ பள்ளிவாசலில் கிடைக்கிறது. 1788-ல் புதுப்பித்துக் கட்டிய அந்தத் தாழ்ந்த, இருண்ட மண்டபத்தில் 213 தூண்கள். சில 10, 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, இடிந்த பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்து நட்டவை. அரண்மனையைவிட இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள்.

அடிமைச் சந்தை பற்றி ஏன் எதுவும் எழுதவில்லை? (நாகர்கோவில் வாசகி)

எழுதியிருக்க வேண்டும். கீழைவாசலான போல்வான் தர்வாஸா, குவிமாடங்கள் மூடிய ஏறக்குறைய 60 மீட்டர் நீளச் சுரங்கம்போன்ற வழி. இன்று நினைவுப்பொருள் விற்கும் அதன் மாடங்களுக்கு அடிமைகளோடு தொடர்புண்டு. அதை ஒட்டியே சந்தை இருந்தது.

அடிமைகளில் பெரும்பான்மையினர் பாரசீகர்கள். துர்க்மென் குதிரைப்படையினர் குராசான் கிராமங்களில் புகுந்து பிடித்துவந்தார்கள். முஸ்லிமை முஸ்லிம் அடிமையாக்கக் கூடாது என்ற விதிக்கு, ஷியாக்கள் வழிதவறியவர்கள் என்று சொல்லி விலக்கு கண்டுபிடித்தார்கள். காஸ்பியன் கடலில் மீன்பிடித்த ரஷ்யர்களும் எல்லைக் குடியேறிகளும் மாட்டினார்கள். வயல், கால்வாய், அரண்மனை என்று எல்லா வேலைக்கும் இவர்கள்தான்.

ரஷ்ய அடிமைகளைக் காரணம் காட்டி 1839 நவம்பரில் ஜெனரல் பெரோவ்ஸ்கி ஓரென்பர்க்கிலிருந்து சுமார் 5,000 வீரர், 10,000 ஒட்டகங்களோடு புறப்பட்டார். கோடையில் வழியில் தண்ணீர் இருக்காது, பனியை உருக்கிக் குடிக்கலாம் என்பது கணக்கு. அந்த ஆண்டு பனி வழக்கத்துக்கு மீறிக் கொட்டியது. ஒட்டகத்துக்குக் குதிரைபோலப் பனியைக் கிளறிப் புல் தேடத் தெரியாது. ஒட்டகங்கள் சாக, சுமை நின்றது. 1840 பிப்ரவரியில் பாதி வழியிலேயே திரும்பினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள்.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் பதற்றம். ரஷ்யா கீவாவரை வந்தால் அடுத்து ஆப்கானிஸ்தான்தானே! ஹெராத்திலிருந்து இரண்டு அதிகாரிகளை அனுப்பினார்கள். முதலில் போன ஜேம்ஸ் அபாட் பெரிதாக எதுவும் சாதிக்கவில்லை. பிற்காலத்தில் பாகிஸ்தானின் அபோட்டாபாத் ஊருக்குப் பெயர் தந்தவர் இவர்தான். அடுத்து வந்த ரிச்மண்ட் ஷேக்ஸ்பியர் கான் அல்லாகுலியோடு பேசி 416 ரஷ்ய அடிமைகளை மீட்டு, தாமே ஓரென்பர்க்குக் கூட்டிப்போனார். ரஷ்யாவின் சாக்கு போய்விட்டது. பாரசீக அடிமைகளுக்கு அந்தப் பேச்சில் இடமே இல்லை. அவர்களுக்கு 1873 வரை விடுதலை கிடைக்கவில்லை. கிடைத்த பிறகும் ஊர் திரும்பும் வழியில் துர்க்மென்களிடம் சிலர் மீண்டும் மாட்டினார்கள்.

ரஷ்யா கடைசியில் எப்படிப் பிடித்தது?

தண்ணீரைக் கணக்குப் போட்டு. 1717-ல் பீட்டர் மன்னர் அனுப்பிய பெகோவிச் செர்காஸ்கியின் படையை, உணவுக்கு வசதி என்று சொல்லிப் பல ஊர்களில் பிரித்துத் தங்கவைத்து, பிரிந்தபின் வெட்டினார்கள். 1840-ல் பனி. ஆகவே 1873-ல் ஜெனரல் காஃப்மன் ஒரே வழியை நம்பவில்லை. தாஷ்கண்ட், ஓரென்பர்க், காஸ்பியன் கரை எனப் பல திசைகளிலிருந்து படைகள் கிளம்பின. கிராஸ்னவோத்ஸ்கிலிருந்து வந்த படை வெயிலும் தாகமும் தாங்காமல் திரும்பியது. மற்றவை போதுமானதாக இருந்தன. புதிய நாள்காட்டிப்படி ஜூன் 10 அன்று கீழ்த்திசை வாசலில் காஃப்மன் சமாதானமாக நுழைய ஏற்பாடாகிக்கொண்டிருந்தபோதே, வடக்கு வாசலை இன்னொரு ரஷ்யப் படை பீரங்கியால் உடைத்துக்கொண்டிருந்தது.

அதே ஆகஸ்டில் கந்திமியான் உடன்படிக்கை: ஆற்றின் வலக்கரை ரஷ்யாவுக்கு, 22 லட்சம் ரூபிள் அபராதம், 20 ஆண்டுத் தவணை, அடிமை முறை ஒழிப்பு. கான் பெயரளவில் தொடர்ந்தார். அந்தக் கான் இரண்டாம் முகம்மது ரஹீம், 'ஃபெரூஸ்' என்ற பெயரில் கவிதை எழுதியவர். அரசியல் கைவிட்டுப்போனதும் இசையிலும் நூல்களிலும் இறங்கினார். 1874-ல் அரண்மனையில் கல்லச்சகம் வைத்தார். 1920 பிப்ரவரியில் கடைசிக் கான் சையது அப்துல்லா பதவி விலகினார். சில ஆண்டு குவாரெசம் மக்கள் குடியரசு. பிறகு நிலம் சோவியத் குடியரசுகளுக்கிடையே பங்கு பிரிக்கப்பட்டது. அந்தக் குழப்பமான 1918-க்குப் பிந்தைய ஆண்டுகளில் காகிதம் கிடைக்காமல் பட்டுத்துணியில் பணம் அச்சடித்தார்கள். மதிப்பு போனதும் பெண்கள் அவற்றைச் சேர்த்து மெத்தை உறை தைத்தார்கள் என்பார்கள். குறைந்தது அதற்காவது பயன்பட்டது.

'போல்வான்' என்ற சொல் அடிக்கடி வருகிறதே?

அது நம்ம பயில்வான்தான். பாரசீக 'பஹ்லவான்' உருது வழியாகத் தமிழில் பயில்வான் ஆனது, உஸ்பெக்கில் போல்வான். கீழைவாசல் பயில்வான் வாசல். நகருக்குத் தண்ணீர் கொண்டுவரும் போல்வான்யாப் பயில்வான் கால்வாய். ஆள் பெயர் பஹ்லவான் மஹ்மூது (1247–1326). தோல் தைப்பது தொழில், மற்போர் புகழ், பாரசீகத்தில் நாலடிப் பாடல்கள் கூடுதல் வரவு. இந்திய மன்னர் ஒருவருக்குப் போரில் உதவியதற்குப் பரிசாக, ஒரு மாட்டுத்தோலுக்குள் அடங்கும் அளவுக்குக் குவாரெசம் கைதிகளை விடுவிக்கச் சொன்னாராம். மன்னர் ஒப்புக்கொண்டதும் தோலை மெல்லிய வாராக நறுக்கிப் பெருங்கூட்டத்தையே வளைத்துவிட்டாராம். தோல்காரருக்குத் தோன்றக்கூடிய தந்திரம்தான். 1810-ல் அவர் சமாதிமேல் எழுந்தது கீவாவின் மிகப் பெரிய குவிமாடம்.

அங்கே பச்சை நிற நூடுல்ஸ் உண்டாமே, வீட்டில் செய்ய முடியுமா?

'ஷிவித் ஓஷி'. நிறம் சதகுப்பைக் கீரையால். பெங்களூரு சந்தையில் சப்பசிகே என்று கேட்டாலும் கிடைக்கும். நால்வருக்கு: 100 கிராம் கீரையின் தண்டை நீக்கி, அரை டம்ளருக்குக் குறைவான தண்ணீரில் மைய அரைத்து வடிகட்டுங்கள். அரை கிலோ மைதா, ஒரு முட்டை, ஒரு தேக்கரண்டி உப்போடு அந்தச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, அரைமணி ஈரத்துணியில் மூடி வையுங்கள். மெல்லியதாகத் தேய்த்து, மாவு தூவி மடித்து, நூல்போல நறுக்கி, கொதிக்கும் உப்பு நீரில் மூன்று நிமிடம்.

வடிகட்டாமல் விட்டால் நார் இருக்கும் இடத்தில் நூடுல்ஸ் அறும். மாவு தளர்ந்தால் ஒட்டிக் களியாகும். அதிகம் வெந்தால் பச்சை மங்கிப் பழுப்பாகும். மேலே ஆட்டுக்கறி, வெங்காயம், கேரட், உருளைக்கிழங்கு, கொஞ்சம் தக்காளி சேர்த்து வதக்கி வேகவைத்த கூட்டு. பக்கத்தில் கெட்டித் தயிர். தயிரை விட்டுவிட்டால் சதகுப்பையின் காரவாசனை தனித்து நிற்கும், பலருக்குப் பிடிக்காது.

கோடை முடிவில் போகிறவர்கள் முலாம்பழத்தையும் விடவேண்டாம். 1333-ல் வந்த இபின் பதூதா, குவாரெசம் முலாம்பழத்தை வார்வாராக நறுக்கி வெயிலில் காயவைத்து இந்தியாவுக்கும் சீனாவுக்கும் அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறார்.

ஒரு நாள் போதுமா? பழைய ஊர்கெஞ்சையும் சேர்த்துப் பார்க்கலாமா?

உள்நகரம் 650 மீட்டருக்கு 400 மீட்டர்தான். நடந்து பார்க்க ஒரு நாள் போதும், ஆனால் இரவு உள்ளேயே தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்த பிறகும் விடியற்காலையிலும்தான் மதிலின் நிறம் சரியாகத் தெரியும். ஏப்ரல், மே, செப்டம்பர் பிற்பாதி, அக்டோபர் நல்ல மாதங்கள். விமானநிலையம் இருப்பது புதிய ஊர்கெஞ்சில், அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டர். 2018 முதல் கீவாவுக்கே ரயிலும் வருகிறது. இஸ்லாம் கோஜா மினாரின் 118 படிகள் செங்குத்து, இருட்டு. ஒருவர் ஏறும்போது இன்னொருவர் இறங்கச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முழங்கால் வலி இருப்பவர்கள் மதில்மேல் ஏறினாலே நகரம் தெரியும்.

குத்லுக் தைமூர் மினார் நிற்கும் பழைய ஊர்கெஞ்ச், இன்றைய பெயரில் குன்யா உர்கெஞ்ச், எல்லைக்கு அந்தப்பக்கம் துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது. பெயர் ஒற்றுமையை நம்பி டாக்சி பிடித்துவிடாதீர்கள். தனி விசா வேண்டும், அதை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். உஸ்பெக் விசா ஒருமுறை நுழைவு மட்டும் என்றால் திரும்பி வரவும் முடியாது.